முன்னூற்றுப் பதினோரு அதிகாரிகள்

2004 ஜூன் முதல் தேதி காலை ஏழு மணிக்கு, பிரைட்வே பிரஸ்ஸிங்ஸ் தொழிற்சாலையின் முன்னூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களில் முன்னூற்றுப் பதினோரு பேர் அதிகாரிகள் ஆனார்கள். விடுபட்டவர் பெயர் நீலமேகம். அவரை விட்டது நிர்வாகத்தின் கொள்கை முடிவு அல்ல. மறந்துவிட்டார்கள்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையைத் தாண்டி, லாரிகள் இரு பக்கமும் நிற்கும் சாலையில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. கார் கதவுகளுக்குக் கீல்கள் செய்தார்கள். நாற்பத்திரண்டு பிரஸ் மிஷின்கள். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், வலது பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே நிற்கும் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது என்று மிஷினை வடிவமைத்தவன் எளிமையாக யோசித்திருந்தான்.

பிரைட்வேயின் உற்பத்தி மேலாளர் அதைவிட எளிமையாக யோசித்தார். இடது பொத்தானின் ஒயரைக் கழற்றி, வலது பொத்தான் ஒன்றே போதும் என்று ஆக்கிவிட்டால், வலது கை அழுத்திக்கொண்டே இருக்க, இடது கை அடுத்த தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். மணிக்கு நானூறு கீல் அறுநூறு கீல் ஆகும். ஜனவரியில் வாய்மொழியாக உத்தரவு வந்தது. நாற்பத்திரண்டு மிஷின்களிலும் ஒயரைக் கழற்றியவர் பராமரிப்புப் பிட்டர் நீலமேகம். பிப்ரவரியில் நாலாம் நம்பர் மிஷினில் ரஷீதின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மறுநாள் நீலமேகம் யாரையும் கேட்காமல் நாலாம் நம்பரின் ஒயரைத் திரும்ப மாட்டினார். உற்பத்தி இயந்திரத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்ததாக அவரை சஸ்பெண்ட் செய்து, ஒயரை மறுபடி கழற்றினார்கள். ரஷீதுக்குக் கருணை அடிப்படையில் கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். கருணை மிச்சமிருந்ததால் அவர் தம்பி நசீரையும் வேலைக்கு எடுத்தார்கள். நாலாம் நம்பர் மிஷினில்.

சஸ்பெண்ட் ஆனவர் தினமும் கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். நீலமேகம் வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் ரஷீதிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பாய், தம்பி கை?"

"பத்தும் கீது மாமு. காலைல நாஷ்டா துன்னும்போது எண்ணிட்டேன்."

ஜூன் முதல் தேதி அவர் வந்தபோது, காலை ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் கழுத்தில் நீல நிற டை கட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பாய் இது? எவன் வூட்டுக் கல்யாணம்?"

"பிரமோசன் மாமு. எல்லாரும் ஆபீசரு. நானு செக்யூரிட்டி ஆபீசரு. கூட்டறாரே நம்ம பாரி, அவரு அசிஸ்டென்ட் மேனேஜரு, தரைப் பிரிவு."

"சம்பளம்?"

"அதே சம்பளம். ஓவர்டைம் கெடையாது. ஆபீசருக்கு ஏது ஓவர்டைமு? பொறுப்புணர்ச்சிதான்."

"நசீரு?"

"அவன் சீனியர் ஆபீசரு, உலோக வடிவாக்கம். அதே நாலாம் நம்பரு. அதே ஒத்தப் பொத்தான்."

"நம்ம யூனியனு?"

"ஆபீசருக்கு ஏது யூனியனு? காலைல ஆறு மணிக்கு ஆளு இருந்தாங்கோ, ஏழு மணிக்கு இல்ல. ரூம்பைப் பூட்டி சாவிய என்னாண்ட குடுத்துட்டாங்கோ."

"அப்ப நானு இன்னா?"

ரஷீது பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "லெட்டரு ஆபீஸ் ரெஜிஸ்தரைப் பாத்துக் குடுத்தாங்கோ. உன் பேரு என் ரெஜிஸ்தர்ல கீது. அத்தை யாரு பாக்கறாங்கோ? நீ இன்னும் லேபருதான். சைன் போடு."

இந்தப் பதவி உயர்வுக்குச் சட்டத்தின் ஆசி இருந்தது. டோல்கேட் அருகே ஒரு பழைய கிடங்கின் மாடியில் அந்த வருடம் தொழில் இணக்க எளிமையாக்க மையம் என்ற அமைப்பு திறக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலை முப்பத்தெட்டுப் பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும். மையம் அவற்றை ஒன்றாக்கியது. அந்த ஒன்றிலும் ஒரே ஒரு பத்திதான் இருந்தது, தலைப்பு, "பொது". முன்பெல்லாம் ஆய்வாளர் வந்து மிஷின்களைப் பார்ப்பார். இப்போது தொழிற்சாலையே தன்னை ஆய்வு செய்து தனக்குச் சான்று கொடுத்துக்கொள்ளலாம். பிரைட்வே தனக்கு "மிக நன்று" கொடுத்துக்கொண்டது. பிப்ரவரி மாதத்துக்கும் மிக நன்றுதான். ஆய்வு நடந்த நாளில் ரஷீது ஆஸ்பத்திரியில் இருந்ததால், விரல் குறைந்தவர் எவரும் தொழிற்சாலையில் தென்படவில்லை.

அதிகாரிகளின் முதல் வாரத்தில், டையின் நுனி மிஷினில் சிக்கப் பார்த்த இரண்டு சம்பவங்கள் நடந்தன. டை நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளும்படி சுற்றறிக்கை வந்தது. தொழிற்சாலையின் பதினெட்டு வருட வரலாற்றில் பாதுகாப்பு குறித்து வெளியான முதல் சுற்றறிக்கை அதுதான்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஐரோப்பாவிலிருந்து ஒரு படிவம் வந்தது. பிரைட்வேயின் கீல்களை வாங்கும் கார் கம்பெனி, தனக்குப் பொருள் தருபவர்கள் தொழிலாளர்களை மதிக்கிறார்களா என்று கேட்டிருந்தது. பதினான்காம் கேள்வி: "தொழிலாளர்களுடன் கூட்டுப் பேரம் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தம் உண்டா? நகல் இணைக்கவும்." பதில் எழுதாமல் விட்டால் ஆர்டர் ரத்து. செப்டம்பரில் தணிக்கையாளர் நேரில் வருவார்.

மனிதவள மேலாளர் ஜேக்கப் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. யூனியனை ஒழித்ததற்காகப் பதினைந்து நாள் முன்புதான் அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தம் போட ஒரு தொழிலாளியாவது வேண்டும். தொழிலாளியை எங்கே தேடுவது? கேட் பதிவேட்டில் தினமும் ஒரு கையெழுத்து விழுகிறது என்ற செய்தி நாலு மணிக்கு அவருக்குக் கிடைத்தது. அவர் கண் கலங்கியதாக டைப்பிஸ்ட் சொன்னார்.

மறுநாள் நீலமேகத்தைக் கம்பெனிக் காரில் கேட்டிலிருந்து அலுவலகம் வரை அழைத்துப்போனார்கள். நூறு அடி தூரம். நாற்காலி போட்டு, முந்திரி பிஸ்கட் வைத்தார்கள்.

"நீலமேகம், உங்க சஸ்பென்ஷனை ரத்து பண்ணியாச்சு" என்றார் ஜேக்கப். "நீங்கதான் எங்களோட ஒரே தொழிலாளி. உங்களைப் பத்திரமா வச்சுக்க வேண்டியது எங்க கடமை."

"நான் இன்னா சார் பண்ணணும்?"

"ஒரு யூனியன் ஆரம்பிக்கணும்."

"யூனியன்ல கீறேன்னுதான சார் பத்து வருசமா என்னைய மொறைச்சிகினு இருந்தீங்கோ?"

"அது பழைய யூனியன், நீலமேகம். அதுல ஆளுங்க இருந்தாங்க."

சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. ஜேக்கப் அவரைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனார். மையத்தின் இணக்க அதிகாரி பகலவன், எதையும் எழுந்து நின்று சொல்லும் பழக்கம் உள்ளவர். எதிரில் இரண்டு பேர்தான் என்றாலும் எழுந்து நின்றார்.

"தொழிலாளர் சட்டங்கள் எதற்காக வந்தன? தொழிலாளியைத் துன்பத்திலிருந்து காப்பதற்காக. தொழிலாளியே இல்லாத இடத்தில் தொழிலாளிக்குத் துன்பம் ஏது? ஆகவே சட்டத்தின் உச்சக்கட்ட வெற்றி, தொழிலாளி இல்லாத தொழிற்சாலை. பிரைட்வே அந்த லட்சியத்தை ஏறத்தாழ அடைந்துவிட்டது. மிச்சமிருக்கும் இந்த ஒரு மனிதரை நாங்கள் கைவிட மாட்டோம். ஏழு பேர் வேண்டும் என்பது பழைய சிந்தனை. ஏழு பேர் கூடினால் கருத்து வேறுபாடு வரும். ஒருவர் மட்டும் கூடினால் ஒற்றுமை குலையவே முடியாது."

"ஒருத்தன் எப்பிடி சார் கூடுவான்?" என்று நீலமேகம் உண்மையாகவே கேட்டார்.

"அதற்குத்தான் படிவம் இருக்கிறது" என்றார் பகலவன்.

ஒற்றை நபர் கூட்டமைப்பு என்ற பிரிவில் பிரைட்வே பிரஸ்ஸிங்ஸ் தொழிலாளர் சங்கம் பதிவானது. தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு, பொதுக்குழு என்று ஐந்து இடங்களில் நீலமேகம் கையெழுத்துப் போட்டார். ஒரே மாதிரி ஐந்து கையெழுத்து இருப்பது சந்தேகத்தைக் கிளப்பும் என்று எழுத்தர் சொன்னதால் ஒன்றைப் பச்சை மையில் போட்டார்.

அடுத்தது அங்கீகாரம். சங்கத்துக்குப் பெரும்பான்மைத் தொழிலாளர்களின் ஆதரவு இருக்கிறதா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கேன்டீனில் அட்டை மறைப்பு வைத்து வாக்குச்சாவடி அமைத்தார்கள். வரிசை கலையாமல் இருக்கக் கயிறு கட்டினார்கள். நிர்வாகத்தின் சார்பில் இரண்டு பார்வையாளர்கள், மையத்தின் சார்பில் மூன்று பேர், ஒரு போலீஸ்காரர். வாக்குப்பதிவு காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. நீலமேகம் எட்டு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டார். இருந்தாலும் விதிப்படி ஐந்து மணி வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு, வாக்குப்பதிவு நூறு சதவீதம் என்று பகலவன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

சிக்கல் எண்ணும்போது வந்தது. பெட்டியைத் திறந்தால் நீலமேகம் எப்படி வாக்களித்தார் என்பது தெரிந்துவிடும். வாக்கின் ரகசியம் போய்விடும்.

"நானே சொல்லிடறேன் சார். ஆமான்னுதான் போட்டேன்."

"சொல்லாதீர்கள்" என்று பகலவன் காதைப் பொத்திக்கொண்டார். "நீங்கள் யாருடைய மிரட்டலுக்கும் ஆளாகக் கூடாது. உங்களுடைய மிரட்டலுக்கும்."

பெட்டியைத் திறக்காமலேயே, பெரும்பான்மை கிடைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்ற அடிப்படையில், சங்கம் அங்கீகரிக்கப்பட்டது.

நீலமேகத்தின் மனைவி மலர்க்கொடி இதையெல்லாம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அல்லாத்துக்கும் படம் காட்டிகினு கீறானுங்கோ. அந்தப் பையன் மிஷின்ல ஒயரு மாட்னானா இல்லியா, அத்தைச் சொல்லு."

"அத்தைத்தான் பேச்சுவார்த்தைல கேக்கப் போறேன்."

"நீ கழட்டுனதாச்சே. நீதான் மாட்டணும்" என்றாள். அவர் மேற்கொண்டு சோறு கேட்கவில்லை.

பேச்சுவார்த்தை குளிர்பதன அறையில் நடந்தது. மேஜையின் ஒரு பக்கம் பதினோரு மேலாளர்கள். மறு பக்கம் நீலமேகமும் பத்துக் காலி நாற்காலிகளும்; இரு தரப்பும் சமம் என்பது மையத்தின் விதி. சங்கத்தின் கோரிக்கை ஒன்றுதான் இருந்தது. எல்லா மிஷின்களிலும் இடது பொத்தானுக்கு ஒயர் கொடுக்க வேண்டும். முதலில் நாலாம் நம்பரில்.

"இது சங்கம் எழுப்பக்கூடிய பிரச்சினை இல்லையே" என்றார் ஜேக்கப். "நீங்க பிட்டர். உங்க கையை யாரும் அங்க வைக்கச் சொல்லலை."

"நசீரு வெச்சிகினு கீறானே சார்."

"நசீர் அதிகாரி. தொழிலாளர் சங்கம் அதிகாரிக்காகப் பேச முடியாது. அது அவரோட கௌரவத்தையும் பாதிக்கும்."

"அண்ணங்காரன் வெரலு போன மிஷினு சார் அது."

"அது அவங்க குடும்ப விஷயம்" என்றார் உற்பத்தி மேலாளர். ஜேக்கப் அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று சைகை காட்டினார்.

அப்படியானால் தன்னையே நாலாம் நம்பரில் போடும்படி நீலமேகம் கேட்டார். பதினோரு பேரும் பதறினார்கள். இருக்கும் ஒரே தொழிலாளியின் விரல் போனால் தணிக்கையாளரிடம் யாரைக் காட்டுவது? சங்கத்துக்குக் குளிர்பதன அறை தருவதாகச் சொன்னார்கள். நீலமேகத்துக்கு ஸ்கூட்டர் தருவதாகச் சொன்னார்கள். முதல் கூட்டத்திலிருந்து எட்டாவது கூட்டம் வரை அவர் சொன்னது ஒன்றுதான். "ஒயரு குடுங்க சார்." அவர்கள் சொன்னதும் ஒன்றுதான். ஒயர் கொடுத்தால் அறுநூறு கீல் மறுபடி நானூறு ஆகிவிடும்.

"யோசிச்சுப் பாருங்க" என்றார் உற்பத்தி மேலாளர், கனிவாக. "அறுநூறு முறை அச்சு இறங்குது, அறுநூறு முறையும் ஒண்ணும் ஆகலை. அந்த நல்ல விஷயத்தை யாரும் பேச மாட்டேங்கறீங்க."

தணிக்கையாளர் வர ஒரு வாரம்தான் இருந்தது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வரி கூட எழுதப்படவில்லை. ஒப்பந்தம் தடிமனாக இருந்தால்தான் தணிக்கையில் மதிப்பு என்று ஜேக்கப் கேள்விப்பட்டிருந்தார். இரும்பு அலமாரியிலிருந்து, தொழிற்சாலை தொடங்கிய 1986-ஆம் வருடம் பழைய யூனியனுடன் போட்ட நாற்பத்து நாலு பக்க ஒப்பந்தத்தை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அப்படியே டைப் செய்யச் சொன்னார். டைப் ஆனதை யாரும் படிக்கவில்லை. படிப்பது அதிகாரிகளின் வேலை. அதிகாரிகள் எல்லாரும் மிஷினில் இருந்தார்கள்.

ஒரு நகலை நீலமேகத்திடம் கொடுத்து, வியாழக்கிழமை கையெழுத்து என்றார்கள். இடது பொத்தானைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பழைய காலத்தில் பொத்தானின் ஒயரை யாரும் கழற்றவில்லை என்பதால் எழுதவில்லை. நீலமேகம் அதைச் சுருட்டி எடுத்துவந்து கேட்டில் ரஷீதின் மேஜைமேல் போட்டார்.

"கையெழுத்துப் போட மாட்டேன் பாய். ஆர்டரு போனா போவட்டும்."

"ஆர்டரு போனா அல்லாருக்கும் வேலை போவும், நைனா. இரு, படிக்கறேன். எனக்கு இன்னா வேலை இங்க?"

கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நேரம் நிறைய இருந்தது. புதன்கிழமை மத்தியானம் ரஷீது முப்பத்தொன்றாம் ஷரத்தின் மீது ஆட்காட்டி விரலை வைத்துக்கொண்டு நீலமேகத்துக்காகக் காத்திருந்தார். அது இப்படி இருந்தது: "பிரஸ் இயந்திரங்களைத் தொழிலாளர்கள் மட்டுமே இயக்க வேண்டும். அதிகாரிகள் எக்காரணம் கொண்டும் இயந்திரங்களில் கை வைக்கக் கூடாது." யூனியன் ஸ்ட்ரைக் செய்தால் நிர்வாகம் அதிகாரிகளை வைத்து மிஷினை ஓட்டிவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் கேட்டு வாங்கியது. அதற்கு அடுத்த ஷரத்து, கான்ட்ராக்ட் ஆட்களும் கை வைக்கக் கூடாது என்றது.

நீலமேகம் மூன்று முறை படித்தார்.

"இத்த அவனுங்கோ பாத்தானுங்களா?"

"பாத்திருந்தா உன்னாண்ட குடுப்பானுங்களா? போடு மாமு சைனு. பச்சை இங்க்கிலயே போடு."

வியாழக்கிழமை கையெழுத்தானது. மாலை, சால்வை, படம். பேரம் பேசிப் பெற்றது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார். ஷிப்ட் முடிந்து வந்த நசீர், டையைக் கழற்றிச் சுருட்டியபடி நீலமேகத்தின் வழியை மறித்தான்.

"இன்னாண்ணா, ஸ்கூட்டரு எப்ப வருது? ஒயரு ஒயருன்னு நாலு மாசமா உடான்ஸ் உட்டுகினு இருந்தியே. நம்ம கைதான, போனா போவுதுன்னு போட்டுட்டே."

"திங்கக்கெழம வரைக்கும் கையப் பத்திரமா வெச்சிகினு வா. அன்னிக்கி டைய நல்லா டைட்டா கட்டிகினு வா."

"வாயில ஏதாச்சும் வந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டு நசீர் போய்விட்டான். பின்னால் நின்ற அண்ணன் ரஷீதையும் அவன் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தணிக்கையாளர் வந்தார். ஒப்பந்தத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. பதினான்காம் கேள்விக்கு நேராக டிக் அடித்தார். சங்கத்தில் சுதந்திரமாகச் சேர முடிந்ததா என்று நீலமேகத்தைக் கேட்டார். சேர்வதற்குக் கூட்டமே இல்லை என்றார் நீலமேகம். அதையும் எழுதிக்கொண்டு மூன்று மணி விமானத்துக்குப் போனார். பகலவன் அதே வாரம் டெல்லியில் நடந்த மாநாட்டில் இந்த ஒப்பந்தத்தை நாட்டுக்கே முன்மாதிரி என்று படித்து ஒரு கேடயம் வாங்கினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நீலமேகம் முப்பத்தொன்றாம் ஷரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பாரிதான் முதலில் படித்தார். படித்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அந்த ஷரத்தில் துடைப்பத்தைப் பற்றி எதுவும் இல்லை என்று சொன்னார்கள். எதற்கும் இருக்கட்டும் என்றார். ஏழே கால் மணிக்கு நாற்பத்திரண்டு மிஷின்களும் நின்றிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அதிகாரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜேக்கப் ஓடிவந்து நாலாம் நம்பருக்கு முன்னால் நின்றார்.

"நசீர், ஏன் மிஷின் ஓடலை?"

"மேற்பார்வை பண்ணிகினு கீறேன் சார்."

"எதை மேற்பார்வை பண்றீங்க?"

"மிஷினு நிக்கறத்தை."

"இது ஸ்ட்ரைக்."

"ஆபீசரு ஸ்ட்ரைக் பண்ணலாமா சார்? தப்பாச்சே. நீங்க சைன் போட்டுக் குடுத்ததுக்கு அடங்கி நிக்கறோம். லேபரு ஒருத்தரு கீறாரு பாருங்கோ, அவரை ஓட்டச் சொல்லுங்கோ." அப்போதுதான் நசீர் திரும்பி நீலமேகத்தைப் பார்த்தான். "இன்னாண்ணா, ஓட்டறியா?"

"இடது பொத்தான் இல்லாம ஓட்ட மாட்டேன்" என்றார் நீலமேகம். "லேபராச்சே. எனக்குப் பயம் கீது."

அதிகாரிகளை விசாரணை இல்லாமல் ஒரே நாளில் நீக்கலாம். அந்த வசதிக்காகத்தான் அவர்களை அதிகாரி ஆக்கியதே. ஆனால் புதிதாக எடுக்கும் ஆள் அதிகாரி என்றால் மிஷினில் கை வைக்க முடியாது. தொழிலாளி என்றால் கை வைக்கலாம். ஆனால் அவன் சங்கத்தில் சேர்ந்துவிடுவான். சங்கத்தின் பலம் நூறு சதவீதம் உயர்ந்துவிடும். ஜேக்கப் இதை இரண்டு நாள் தாளில் கோடு போட்டுப் பார்த்தார். எந்தக் கோடும் வெளியே போகவில்லை. துறைமுகத்தில் கீல்களை ஏற்ற வேண்டிய கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. சிங்கப்பூரில் இருந்த மேலாண்மை இயக்குநர் செவ்வாய்க்கிழமை ராத்திரி விமானம் ஏறினார்.

புதன்கிழமை பகலவனை அழைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். அவர் கேடயத்தை நினைத்துக்கொண்டார்.

"ரத்து செய்வது பின்னோக்கிய நடவடிக்கை" என்று எழுந்து நின்று சொன்னார். "எளிமையாக்குவோம். இந்த அதிகாரிகள், கேட்டுக்குள் இருக்கும் எட்டு மணி நேரம் மட்டும் தொழிலாளர்கள். கேட்டைத் தாண்டியதும் மறுபடி அதிகாரிகள். அவர்களுடைய அந்தஸ்தும் குறையாது, உற்பத்தியும் குறையாது. மீதிப் பதினாறு மணி நேரம் அவர்கள் தங்கள் வீடுகளில் அதிகாரிகளாக வாழலாம். இதற்கு அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் ஒப்புதல் மட்டும் போதும்."

எல்லாரும் சங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சங்கம் கதவோரம் நின்று கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"ஒயரு" என்றது சங்கம்.

மேலாண்மை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன ஒயர்?" என்று ஜேக்கப்பைக் கேட்டார். ஏழு மாதமாக நடந்ததில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நாற்பத்திரண்டு மிஷின்களிலும் இடது பொத்தானுக்கு ஒயர் மாட்ட நீலமேகத்துக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ஆனது. நாலாம் நம்பரில் வேலையை ஆரம்பித்து, நாலாம் நம்பருக்கே திரும்பிவந்து இரண்டாம் முறை சரிபார்த்தார். வியாழக்கிழமை காலை கேட்டில் நுழைந்தவர்கள் டையைக் கழற்றி, ரஷீது சுவரில் அடித்துவைத்த ஆணிகளில் மாட்டிவிட்டு, அவர் மேஜையில் சங்க உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். பத்து மணிக்குள் முன்னூற்றுப் பத்துப் பேர். கடைசியாக ரஷீது தன் படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டார்.

ஆனால் மிஷின்களை ஓட்ட விடவில்லை. தொழிலாளர்கள் கேட்டுக் கொடுத்ததாக இருக்கக் கூடாது, நிர்வாகம் மனமுவந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் இரவோடு இரவாக யோசித்திருந்தார். நாலாம் நம்பரின் இடது பொத்தானுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பித்தளைத் தகடு: "இந்தப் பொத்தானை மேலாண்மை இயக்குநர் அவர்கள் திறந்துவைத்தார்கள்." பகலவன் இருபது நிமிடம் பேசினார். தொழிலாளியின் இடது கையைப் பற்றி எந்தச் சட்டமும் இதுவரை கவலைப்பட்டதில்லை என்றும், சட்டங்கள் குறையக் குறையத்தான் இந்தக் கவலை பிறந்தது என்றும் சொன்னார். மேலாண்மை இயக்குநர் சுருக்கமாகப் பேசினார். பொத்தான் தன் நெடுநாள் கனவு என்றார்.

ரிப்பனை வெட்டினார்கள். மிஷினுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். படம் எடுப்பவர், "சார், ஒரு கையால பொத்தான், இன்னொரு கையை மிஷின்மேல சும்மா ஊனிக்கங்க, நல்லாருக்கும்" என்றார். மிஷினில் எண்ணெய் படாமல் பளபளவென்று இருந்த இடம் அச்சுக்கு அடியில் இருந்த மேடை ஒன்றுதான். மேலாண்மை இயக்குநர் அங்கே வலது கையை ஊன்றிக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி, இடது உள்ளங்கையால் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

கை தட்டினார்கள். அச்சு இறங்கவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். அழுத்திப் பிடித்துக்கொண்டே ஜேக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா இது? வேலை செய்யலையே?"

ஜேக்கப்புக்கு எட்டுக் கூட்டங்களில் கேட்டது ஏதோ நினைவுக்கு வந்தது. பொத்தான்கள் இரண்டு அல்லவா? முதலாளியின் விழா கெடாமல் இருக்க அவர் மிஷினின் மறு பக்கத்துக்கு ஓடி, வலது பொத்தானை நோக்கிக் கையை ஓங்கினார்.

நீலமேகம் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இருபது வருடம் ஸ்பானர் பிடித்த பிடி. ஜேக்கப் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

"விடுங்க நீலமேகம். எம்.டி. காத்துக்கிட்டிருக்காரு."

நீலமேகம் அவரைப் பார்க்கவில்லை.

"பொத்தான் நல்லாத்தான் வேலை செய்யுது சார்" என்றார் மேலாண்மை இயக்குநரிடம். "உங்க சோத்துக்கை எங்க கீதுன்னு கொஞ்சம் பாருங்கோ."